நாலு விரல் கீழே

பிப்ரவரி 9

பம்பரத்துக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை எப்படித் தடுப்பாய் என்று பார்க்கிறேன். உன் புது கால்பந்து கிளப்பின் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன். நாலு பேர் பார்க்க அதைக் கிழித்துப் போட உனக்கு வெட்கமாக இருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா?

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி அப்படியேதான். நீ இல்லாததால் பாத்ரூம் வாசலில் ஈரச் சாக்ஸ் இல்லை, சோபாவுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு இல்லை, பிரிட்ஜில் வைத்த பால் வைத்தபடியே இருக்கிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அரை இறுதிக்கு முந்தின நாள் உன் பெயருக்கு எதிரே, ஆடக்கூடாது என்று சிவப்பு வைத்தது நான்தான். கோச் உன்னை வெளியே உட்கார வைத்தார். நம் டீம் தோற்றது. உன் இடத்தில் ஆடியவனுக்கு அந்த இடம் ஒட்டிக்கொண்டது. உன்னைச் சீசன் முடியும்வரை அந்த ஊர்க் கிளப்புக்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நீ கேட்டாய்: "எல்லாக் கருவியும் பச்சைன்னுதான் சொல்லுச்சு. நீ மட்டும் எதை வச்சு சிவப்புன்னு சொன்ன?" இப்போது சொல்கிறேன்.

மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். உங்கள் உள்பனியனில் தோள்களுக்கு நடுவே தைத்திருக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி, நீங்கள் எவ்வளவு ஓடினீர்கள், எத்தனை முறை ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினீர்கள் என்று எனக்குச் சொல்லும். காலையில் போனில் கேள்விகள் வரும். நேற்று தூக்கம் எப்படி, கால் வலி எப்படி, பத்துக்கு எவ்வளவு? உங்களில் பாதிப் பேர் கண்ணைத் திறக்காமலே எல்லாவற்றுக்கும் ஏழு போடுகிறீர்கள். நீ எட்டு வருடமாக ஏழு. வெந்நீர் காலில் கொட்டின அன்றும் ஏழு.

கடைசியாக, குதிக்கிற உயரத்தை அளக்கும் தட்டு. சீசனின் முதல் வாரத்தில் எவ்வளவு உயரம் குதித்தீர்களோ, அதுதான் வருடம் முழுக்க அளவுகோல். அதிலிருந்து இறங்கினால் கால் களைத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் முதல் வாரத்தில் வேண்டுமென்றே தாழக் குதித்து வைக்கிறீர்கள். பிறகு எவ்வளவு களைத்தாலும் அதற்குக் கீழே போகாது, பச்சையிலேயே காலம் தள்ளலாம். பழைய ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும்.

ஆனால் உன்னுடைய நிஜ உயரம் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறதே, பம்பரம். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற வாசலுக்கு மேலே. வெளியிலிருந்து வந்ததும் ஒரு குதி குதித்து, சுவரில் அறைந்துவிட்டுத்தான் "அம்மா, பசிக்குது" என்பாய். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அங்கே அழுக்கு ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. அரை இறுதிக்கு முந்தின வாரம், விளக்கு மாற்ற ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய கறைக்கு நாலு விரல் கீழே புதுக் கறைகள். ஒன்றல்ல, மூன்று நாலு.

கோச் "என்ன ஆதாரம்?" என்று கேட்டார். சுவர் என்று சொன்னால் சிரிப்பார். "எனக்கு அவனைத் தெரியும் சார்" என்றேன்.

பின்தொடைத் தசை கிழிந்து விழுகிறவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் மோதியிருக்கமாட்டார்கள். ஓடிக்கொண்டிருப்பவன் திடீரென்று திரும்பிப் பார்ப்பான், பின்னாலிருந்து யார் அடித்தது என்று. யாரும் இருக்கமாட்டார்கள். அப்புறம்தான் விழுவான். உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

திட்டியாவது இரண்டு வரி எழுது.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

கடிதத்தை நாலு பேர் முன்னால்தான் கொடுத்தார்கள். "என்ன சார், காதல் கடிதமா?" என்று கேட்டார்கள். "இல்லை, டிராபிக் போலீஸ் அனுப்பின அபராதச் சீட்டு" என்றேன். பழைய டீமில் உனக்கு அதுதான் பெயர், தெரியுமல்லவா? சிவப்பு, மஞ்சள், பச்சை.

சுவரா? சுவரை வைத்தா என்னை உட்கார வைத்தாய்? நான் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மைதானத்தில் என் முதுகில் கருவி இருக்கிறது. சரி, அது வேலை, ஒத்துக்கொண்டுதான் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது அதைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் வருகிறேன். அங்கே நான் உன் தம்பி, அம்மாவுக்கு மகன், அவ்வளவுதான். ஆனால் அங்கேயும் ஒரு ஆள் ஸ்டூல் போட்டு ஏறி என்னை அளந்துகொண்டு இருந்திருக்கிறாள். வீட்டுச் சுவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஆபீஸில் வைத்திருக்கிறாள். இனிமேல் உன் முன்னால் தூங்கி விழக்கூட எனக்குப் பயமாக இருக்கும்.

சரி, அளந்ததாவது ஒழுங்காக அளந்தாயா? கீழ் வீட்டில் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியுமா? காலையில் இருட்டில் போய் இருட்டில் வருகிறவளுக்கு எங்கே தெரியப்போகிறது. அந்த வாரம் அம்மா என்னிடம் சொன்னாள்: "டேய், கீழ பச்சைக் குழந்தை இருக்குடா. நீ தடால்னு குதிக்கிறதுல அது தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குதாம். இனிமே குதிக்காதே." பழக்கம் விடுமா? மெதுவாக, பூனை மாதிரி எம்பி, எட்டின இடத்தில் கையை வைத்தேன். அதுதான் உன் நாலு விரல். நம்பிக்கை இல்லாவிட்டால் அம்மாவையே கேள்.

ஒரு குழந்தை தூங்கட்டும் என்று மெல்லக் குதித்ததற்கு எனக்குச் சிவப்பு.

முப்பத்தொரு வயது, அக்கா. இன்னொரு அரை இறுதி எனக்காக எங்கேயும் வரிசையில் நிற்கவில்லை.

இப்படிக்கு,
உன் திரையில் இருந்த ஒரு எண்

*

மார்ச் 1

பம்பரம்,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் போய்க் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "கீழ் வீட்டுக் குழந்தைக்காக அவனைக் குதிக்க வேணாம்னு சொன்னியாம்மா?" திரும்பாமலே, "ஆமா, நான்தான் சொன்னேன், அதுக்கு இப்ப என்ன?" என்றாள். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

அதற்குமேல் நான் என்ன கேட்பது? என் அறைக்கு வந்து, விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே கோச்சிடம் போனேன். "சார், அன்னைக்கு நான் வச்ச சிவப்பு தப்பு." அவர் பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "விடும்மா. ஆடி முடிஞ்ச ஆட்டம். நாளைக்கு யார் யார் பச்சை, அதைச் சொல்லு." அவ்வளவுதான். உன்னுடைய ஒரு சீசன் அவருக்கு ஒரு கயிறு முடியும் நேரம்.

வீட்டை நான் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன் என்று எழுதியிருக்கிறாய். அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நீ சொன்னது சரி. அதோடு, கொண்டுபோனதும் தப்புக் கணக்கு. மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று நம் கோல்கீப்பருக்கு மஞ்சள் வைக்க வேண்டிய நாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். மஞ்சள் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் பச்சையே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். இவருக்கும் வீட்டில் என்ன கதையோ, யார் கண்டது என்று தோன்றிவிட்டது. என் கண் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

கோச்சிடம் போய்ச் சொன்னாயா? நீயா? ஸ்கூலில் கணக்கு டீச்சர் தப்பாகப் போட்ட அரை மார்க்குக்காக மூன்று நாள் சண்டை போட்டவள், தான் போட்டது தப்பு என்று இன்னொருவரிடம் போய் நின்றாயா? எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், தேவைப்படும்.

இங்கே கதை இப்படி. எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். முதல் மாடி. கீழே ஷட்டர் போட்ட கடை, ஆள் நடமாட்டமே இல்லை. கட்டில் என்னைவிடக் குட்டை. காலை வெளியே நீட்டித்தான் படுக்கிறேன். மைதானத்தில் பிளாஸ்டிக் புல். அடியில் காங்கிரீட் இருக்கிறதோ என்னவோ, ஒவ்வொரு அடியும் இடுப்பில் வந்து கேட்கிறது. மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம். பிசியோ ஒருவர், மேசை ஒன்று, வரிசையில் பதினோரு ஜோடிக் கால்கள். என் முறை வருவதற்குள் அவர் கை ஓய்ந்துவிடும்.

ஆனால் ஆடுகிறேன். வலது ஓரம் முழுக்க என்னுடையது. இங்கே உள்ள ஜனங்கள் என்னைக் "கிழவா, ஓடு!" என்றுதான் கத்துகிறார்கள். ஆசையாகத்தான் கத்துகிறார்கள். சீசன் கடைசிவரை ஆரம்பப் பதினொன்றில் இடத்தை விடாமல் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். இதுதான் எனக்குக் கடைசி இரண்டு வருடம். அதற்கு அப்புறம் நான் யார்? பதினாறு வயதிலிருந்து எனக்கு வேறு எதுவும் தெரியாது. அம்மா தேங்காயெண்ணெய் வாங்கி வரச் சொன்னால் மண்ணெண்ணெய் வாங்கி வருகிறவன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். கேட்கிறேன்.

இங்கேயும் உன் வேலைக்கு ஒருவர் இருக்கிறார். பெரிய கண்ணாடி போட்டவர், நல்ல மனுஷன், பேசும்போது திரையைப் பார்த்துத்தான் பேசுவார். நான் சீசன் நடுவில் வந்தவன் என்பதால் என் முதல் வார அளவு அவரிடம் இல்லை. உன்னிடம் கேட்டு எழுதப்போகிறார். நீ முதல் வாரம் தட்டில் நான் குதித்த அளவை மட்டும் அனுப்பு. சுவர், நாலு விரல், "வீரர் திறமையைவிடக் குறைவாகக் குதித்திருக்கலாம்" என்று ஓரத்தில் நீ கிறுக்கும் குறிப்பு, எதுவும் வேண்டாம்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. தட்டு காட்டிய அளவுதான் அது. அதற்குமேல் வாயைத் திறக்காதே, அவ்வளவுதான்.

ஒரு தடவை என்னை நிறுத்தினாய். இந்தத் தடவை விடு.

பம்பரம்

*

மார்ச் 24

பம்பரம்,

அனுப்பிவிட்டேன். தட்டின் அளவு மட்டும். "இதுவே இவருடைய முழு அளவு" என்று எழுதிக் கையெழுத்து கேட்டிருந்தார் உன் கண்ணாடிக்காரர். போட்டேன். பேனாவை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

இனி உன் காலை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் நாலு அடி எப்படி இருக்கிறது என்று பார். சாக்ஸ் மாட்டும்போது எந்தக் காலை முதலில் தூக்குகிறாய் என்று பார். தூங்கு. போனைத் தூர வைத்துவிட்டுத் தூங்கு. பிசியோவின் மேசைக்கு வரிசையில் நில், "எனக்கு ஒண்ணுமில்ல, அவனைப் பாருங்க" என்று இடத்தை விட்டுக்கொடுக்காதே. உன் பெரிய மனசு எனக்குத் தெரியும், அதில் பாதி சோம்பேறித்தனம்.

போன ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள், எதிரே எவனாவது காலை நீட்டினால் அந்தக் கண்ணையும் மூடிவிடுவாள். இரண்டாம் பாதியில் நீ பந்தை உடனுக்குடன் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டாய். அம்மாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, என் பிள்ளை எவ்வளவு தாராளமா குடுக்கிறான்." நீ தாராளமாகக் கொடுக்கிறவன் இல்லை. பந்து காலில் வந்தால் ஓடுகிறவன். ஓட முடியாதபோதுதான் கொடுப்பாய்.

அப்புறம், ஆட்டம் நிற்கும்போதெல்லாம் இடது கையைத் தொடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாய். சும்மா வைத்திருந்தாயோ என்னவோ. என் கண்ணை நம்ப வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மறு ஒளிபரப்பிலும் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

நேராகக் கேட்கிறேன். கால் எப்படி இருக்கிறது? பத்துக்கு எவ்வளவு?

அக்கா

*

ஏப்ரல் 12, காலை

அக்கா,

உன் கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. இன்று கடைசி ஆட்டம். முடிந்ததும் கையெழுத்து. காகிதம் மேனேஜரின் மேசை மேல் தயாராக இருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன், என் பெயரைக்கூடச் சரியாக அடித்திருக்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. இந்த அறைக்கு வந்த முதல் நாள் பெட்டியைப் போட்டுவிட்டு, யோசிக்காமல், கதவுக்கு மேலே ஒரு குதி குதித்துச் சுவரில் அறைந்தேன். வீடு என்றால் அப்படித்தானே. பஸ்ஸில் வந்த தூசி கையில் இருந்ததால் தடம் அழகாக விழுந்தது. உன் மேல் கொலைவெறியில் இருந்த நேரம் அது. அப்புறம் தினமும் குதித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

இன்று காலை குளித்துவிட்டு வந்து, ஈரக் கையோடு குதித்தேன். முழுப் பலத்தோடு. எட்டவில்லை. கட்டிலை நகர்த்திவிட்டு ஓடி வந்து குதித்தேன். எட்டவில்லை. ஈரம் காய்வதற்குள் நாற்காலி போட்டு ஏறி, கையை வைத்துப் பார்த்தேன். எத்தனை விரல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கீழே குழந்தை இல்லை, அக்கா. ஷட்டர் போட்ட கடைதான்.

நேராகக் கண்ணாடிக்காரரிடம் போனேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். "கால் சரியில்ல சார். பின்னாடி கயிறு மாதிரி இழுக்குது." அவர் பதறித் திரையைத் தட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. திரையை என் பக்கம் திருப்பினார். பச்சை. "கடைசி ஆட்டப் பதட்டம்தான் சார் இது. உங்க அளவுக்கு இன்னும் மேலதான் இருக்கீங்க. உங்க அக்காவே கையெழுத்துப் போட்டு அனுப்பின அளவு. அவங்களைவிட உங்களை யாருக்கு நல்லாத் தெரியும்?"

அந்த அளவு பொய் என்றால் உன் கையெழுத்தும் பொய். அப்புறம் உன்னை எந்த மைதானத்துக்குள்ளும் விடமாட்டார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார், பதட்டம்தான் போல" என்று வந்தது.

ஒரு ஆட்டம்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிடுவேன். மைதானத்துக்குப் போகிற வழியில் தபால் பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட்டுப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நீ சிரித்துக்கொண்டே படிப்பாய்.

பம்பரம்

*

ஏப்ரல் 17

பம்பரம்,

ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் நீ தூங்குவதாகச் சொல்கிறார்கள். உனக்குப் பகலில் தூக்கம் வராது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, கடிதத்துக்கே வருகிறேன்.

பார்த்தோம். இரண்டாம் பாதி, உன் ஓரம், நீண்ட பந்து. நீ அதைத் தாராளமாக யாருக்கும் கொடுக்கவில்லை. ஓடினாய். யாரும் உன் பக்கத்தில்கூட இல்லை. திடீரென்று திரும்பிப் பார்த்தாய், யார் அடித்தது என்று. அம்மா எழுந்துவிட்டாள். "எவனோ பின்னாலேருந்து அடிச்சிட்டான், பார்த்தியா!" "யாரும் அடிக்கலம்மா" என்றேன். நீ விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. நான் சிரிக்கவில்லை.

நேற்று மாடி ஏறும்போது கீழ் வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "என் தம்பி குதிச்சு உங்க குழந்தையை ரொம்பப் படுத்திட்டானாம், மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எங்க வீட்டுல சத்தமே கேட்டதில்லையே. இவ பின்னாடி அறையில தூங்குறவ. இடி விழுந்தாலும் எழுந்துக்கமாட்டா. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே?"

மேலே வந்து அம்மா எதிரே உட்கார்ந்தேன். குழாய் மூடியிருந்தது, ஓட இடமில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு நான் அடுப்பாண்ட நின்னுட்டிருந்தேன். வந்தான், குதிச்சான், எட்டல. யாராவது பார்த்தாங்களான்னு திரும்பிப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்னுக்கிட்டேன். மறுபடி குதிச்சான், எட்டல. மூணாவது தடவையும் குதிச்சான். என் பிள்ளை அப்படிக் கையைப் பார்த்துக்கிட்டு நின்னதை நான் பார்த்ததே இல்ல. மறுநாளும் அதே மாதிரி. தாங்கலடி. அதான் குழந்தை மேல பழியைப் போட்டேன். குதிக்காமலே இருந்தா எட்டலைன்னு தெரியாது பாரு."

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "அவன் உனக்கு அப்படி எழுதிட்டானே. அவன் சொன்னதை நான் எப்படி இல்லைன்னு சொல்வேன்?" என்று அழுதாள். அந்த நேரத்தில் அவளை அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் சிவப்பு வைத்தது சரிதான் என்று இப்போது தெரிந்து என்ன பயன்? அதைச் சரி என்று நான் நம்பியிருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கமாட்டேன். உனக்கு எட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் பூசி மெழுகினோம். மெழுகின இடத்தில்தான் நீ விழுந்தாய்.

இரண்டு கிளப்புக்கும் நடந்ததை எழுதிவிட்டேன். முடிவு சொல்லும்வரை வர வேண்டாம் என்று நம் கிளப்பில் சொல்லிவிட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன உண்மைக்கு வேலை போகவில்லை, உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்ன பொய்க்குப் போகப்போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நீ என்னைக் காப்பாற்றுவதற்காக ஓடினாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எருமை மாடே, உன்னை யார் கேட்டது?

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

மேனேஜர் நேரில் வந்தார், பழம் வாங்கிக்கொண்டு. பழத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் தினமும் வருகிறார். இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், பாவம். ஆபரேஷன் வேண்டாம், ஆனால் மறுபடி ஓடுவதைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். அவர் அதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லாரும் அடுப்பைத்தான் பார்க்கிறார்கள்.

இரவில் அழுகிறேன். இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அம்மாவைத் திட்டாதே. அவள் குழந்தை என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எட்டவில்லை என்பது போய், குதிக்கக்கூடாது என்று ஆகிவிட்டதே. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உனக்கு எழுதும்போது அதை நானே முழுசாக நம்பிவிட்டேன்.

உன் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். ஆனால் இதைக் குரலில் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கையில் ஊன்றுகோல், காலை நீட்டிக்கொள்ள பஸ்ஸில் இரண்டு சீட்டு. லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்து வை. சுவருக்கு வெள்ளையடித்துக் கிடித்து வைக்காதீர்கள், இருந்தபடியே இருக்கட்டும். நீயும் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பாய், நானும் இருப்பேன். அம்மாதான் பாவம்.

நான் உள்ளே வந்ததும் அந்த வாசலுக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்பேன். ஸ்டூலைத் தேடாதே. அம்மா சமையலறைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு பேரும் என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறாய், பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இந்தத் தடவை ஏழு என்று சொல்லமாட்டேன்.

பம்பரம்